நீல டிரம் ஒரு பாத்திரம்

கரும்பலகையில் ஒரு மலையை வரைந்தேன். இடப்பக்கச் சரிவின் அடியில் ‘தொடக்கம்’, ஏறும் சரிவில் ‘வளர்ச்சி’, முகட்டில் ‘உச்சம்’, இறங்கும் சரிவின் அடியில் ‘முடிவு’ என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். பன்னிரண்டு பெண்கள் பாயில் அமர்ந்து அந்தப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“டீச்சர், இது உப்புக் குவியல்தானே?” என்றார் ஸ்டெல்லா.

“இல்லீங்க. ஒரு சிறுகதை எப்படிப் போவும்னு காட்டற படம்.”

“எந்த ஊருக் கதை டீச்சர் இப்டி ஏறி எறங்குது? எங்க கதையெல்லாம் ஏறும், ஏறின எடத்துலயே நிக்கும். மழ வந்தா யாராச்சும் கீத்துப் போட்டு மூடிடுவாங்க.”

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சிரித்த கையோடு சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன் என்பது நினைவிருக்கிறது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன ஆண்டுக்கு அடுத்த கோடை அது. மரக்காணத்தை ஒட்டிய ஒரு குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில், நிவாரணப் பணிக்காக வந்து அங்கேயே தங்கிவிட்ட ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்கான வாசிப்பு வகுப்பை நடத்தியது. வாரத்தில் இரண்டு நாள், பிற்பகல் மூன்று மணிக்கு. தமிழில் முதுகலை முடித்து ஓராண்டு ஆகியிருந்த நான் அதன் ஆசிரியை. என் ஊரான பிரம்மதேசத்திலிருந்து பேருந்தில் வந்து போவேன்.

வந்தவர்கள் அனைவரும் உப்பளத்தில் வேலை செய்பவர்கள். விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் கரையேறிவிடுவார்கள். வீட்டு வேலை முடித்து வகுப்புக்கு வரும்போது குதிகால் வெடிப்புகளில் தேங்காயெண்ணெய் மின்னும். எவ்வளவு கழுவினாலும் கெண்டைக்காலில் வெள்ளைப் பூச்சு ஒன்று மிச்சமிருக்கும்.

எட்டுப் பக்க விடை

இந்தத் தொடரின் முந்தைய அத்தியாயம் ஒன்றைப் படித்த வாசகர் ஒருவர் கடிதத்தில் கேட்டிருந்தார்: உப்பு வாரும் பெண்களுக்குச் சிறுகதையின் கூறுகளைக் கற்பித்து என்ன ஆகப்போகிறது? மனு எழுதக் கற்பித்திருக்கலாமே?

நியாயமான கேள்வி. மனு எழுதவும் கற்பித்தோம். ஆனால் மனு எழுதும் வகுப்புக்கு நான்கு பேர் வந்தார்கள். கதை என்றதும் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அந்த வேறுபாட்டுக்கு அப்போது என்னிடம் விளக்கம் இல்லை. இப்போதும் முழுமையாக இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘சிறுகதையின் கூறுகளை விளக்குக’ என்ற வினாவுக்குக் கல்லூரியில் எட்டுப் பக்கம் விடையெழுதி நல்ல மதிப்பெண் பெற்றவள் நான். கதைக்கரு, களம், பாத்திரம், பின்னல், முடிச்சு, உச்சம், நோக்குநிலை என்று வரிசை பிசகாமல் ஒப்பிப்பேன். ஆனால் அதுவரை ஒரு கதையைக்கூட யாருக்கும் நான் சொன்னதில்லை. நீச்சலைப் பற்றித் தேர்வெழுதித் தேறியவள் குளத்தருகே நிற்பதைப் போலத்தான் அந்தக் கூடத்தில் நின்றேன்.

எங்கள் வீட்டில் அப்பா கதை சொல்வார். அதாவது, சொல்ல முயல்வார். கழனியிலிருந்து வந்ததும், “மோட்டார் போச்சு” என்று முடிவிலிருந்து தொடங்குவார். பிறகு கம்பியின் நிறத்தைச் சொல்வார், மின்வாரியத்தைத் திட்டுவார், பக்கத்து நிலத்துக்காரரின் உடல்நலத்தை விசாரிப்பார். அம்மா சோற்றை வைத்துக்கொண்டே குறுக்கிடுவார்: “எல்லாம் இருக்கட்டும். சுச்சு போட்டது யாரு? அதச் சொல்லுங்க மொதல்ல.” அப்பா அடங்கிவிடுவார். சுவிட்சைப் போட்டவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

என் அம்மா சிறுகதை இலக்கணம் படித்தவரல்லர். ஆனால் ஒரு நிகழ்ச்சியின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அதன் பெயர் மட்டுமே தெரிந்திருந்தது.

நான் கொடுத்த வீட்டுப்பாடம்

மலைப் படம் தோற்ற பிறகு, பாத்திரப் படைப்பிலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்தேன். மூன்று சிறு கதைகளைப் படித்துக் காட்டினேன். வகுப்பு முடியும் நேரத்தில் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் சொன்னேன்: “உங்களுக்குப் புடிச்ச ஒரு பாத்திரத்தைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக்கிட்டு வாங்க.”

அடுத்த வகுப்பில் தாள்களை வாங்கிப் படித்தபோது ஒரு நிமிடம் எதுவும் விளங்கவில்லை. ஒருவர் எவர்சில்வர் தூக்கைப் பற்றி எழுதியிருந்தார். ஒருவர் இட்லிப் பானையைப் பற்றி. ஸ்டெல்லா, தன் கல்யாணத்துக்கு வந்த அலுமினியக் குண்டானைப் பற்றியும், அதன் ஒடுக்குகள் ஒவ்வொன்றும் எந்தச் சண்டையில் விழுந்தது என்பதைப் பற்றியும் உருக்கமாக எழுதியிருந்தார்.

பிழை என்னுடையது. பாத்திரம் என்றால் வீட்டில் துலக்குவது என்றுதான் இருபது முப்பது ஆண்டுகளாக அந்தச் சொல் அவர்களோடு வாழ்ந்திருக்கிறது. கதையில் வரும் மனிதருக்கும் அதே பெயர் என்று நான் விளக்கவே இல்லை.

விளக்கினேன். எல்லோரும் வாய்பொத்திச் சிரித்தார்கள்.

“அப்ப மனுசனும் பாத்திரந்தான்னு சொல்றீங்க,” என்றார் ஸ்டெல்லா. “சரியாத்தான் இருக்குது டீச்சர். என் வூட்டுக்காரரு ஓட்டப் பாத்திரம். எவ்ளோ ஊத்தினாலும் நிக்காது.”

அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளாமல் ஒருவர் மட்டும் தன் தாளைத் திரும்பக் கேட்டார். அவர் அஞ்சலை. முப்பது வயதை ஒட்டியவர். எட்டாம் வகுப்புவரை படித்தவர். வகுப்பிலேயே குறைவாகப் பேசுபவர்.

“தப்பா எழுதிட்டேன், குடுத்துடுங்க டீச்சர்.”

அதற்குள் நான் படித்திருந்தேன். அந்தத் தாள் இப்படித் தொடங்கியது:

‘எனக்குப் பிடித்த பாத்திரம் இல்லை. எனக்குப் பிடிக்காத பாத்திரம் மோட்டார் கொட்டகையில் இருக்கும் நீல டிரம். அதன் வயிறு நிறையத் தண்ணீர் இருக்கிறது. எங்கள் வாய் காய்ந்து கிடக்கிறது. நடுவில் ஒரு பூட்டு.’

நான் எட்டுப் பக்கத்தில் விளக்க முயன்றதை அவர் ஐந்து வாக்கியத்தில் முடித்திருந்தார். களம் இருந்தது. முரண் இருந்தது. உயிரில்லாத ஒரு பிளாஸ்டிக் டிரம்மே பாத்திரமாகியிருந்தது. தாளை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

பூட்டு

சுற்றிலும் தண்ணீராகத் தெரியும் உப்பளத்தில் குடிக்க ஒரு சொட்டு கிடையாது. வெயிலும், பாத்தியிலிருந்து எழும் வெள்ளைக் கூச்சமும், உதட்டில் படியும் உப்பும் சேர்ந்து ஒரு மணி நேரத்திலேயே நாக்கை மரக்கட்டையாக்கிவிடும். குடிநீர் இருப்பது மோட்டார் கொட்டகையின் நீல டிரம்மில் மட்டுமே. அதன் மூடிக்கு மேஸ்திரி ஏழுமலை ஒரு கம்பி வளையமும் பூட்டும் போட்டிருந்தார். காலையில் இரண்டு முறை திறப்பார். ஒரு முறைக்கு ஆளுக்கு ஒரு டம்ளர். சாவி அவர் இடுப்புக் கயிற்றில்.

இதைத்தான் அஞ்சலை கதையாக்கினார். ‘பூட்டு’ என்று பெயர் வைத்தார். தாகத்தால் பாத்தி வரப்பில் மயங்கி விழும் ஒரு பெண், “நான்” என்று சொல்லும் கதை. அவர் வகுப்பில் படித்து முடித்தபோது பெண்கள் கொதித்துப்போனார்கள்.

“பத்தாதுக்கா, அவனுக்கு ரெண்டு கொம்பு வையி,” என்றார் ஸ்டெல்லா.

எனக்கும் கோபம் வந்தது. ஆனாலும் ஆசிரியை என்ற முறையில் ஒன்று உறுத்தியது. “கதையில அந்தப் பொண்ணு நல்லா உயிரோட இருக்குறாங்க. மேஸ்திரிக்கு மட்டும் ஒரே குணந்தான் இருக்குது. அவரு எதுக்குங்க பூட்டுறாரு?”

“கெட்டவன், பூட்டுறான்,” என்றார் அஞ்சலை.

“கெட்டவங்க எல்லாரும் டிரம்மைப் பூட்டறதில்லையே.”

“அத அவரத்தான் கேக்கணும்.”

“கேட்டுப் பாருங்களேன்.”

அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையில், நான் பிரம்மதேசத்தின் நெல்வயலிலிருந்து வருகிறவள் என்பது முழுதாக இருந்தது. “கேட்டா நாளைக்குப் பேர் கூப்புட மாட்டாரு டீச்சர்.”

உப்பளத்தின் நடைமுறை அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. விடியற்காலையில் பெண்கள் கரையில் வந்து நிற்பார்கள். மேஸ்திரி பெயர் சொல்லி அழைப்பார். அழைக்கப்பட்டவர் பாத்தியில் இறங்குவார். அழைக்கப்படாதவர் வந்த வழியே திரும்புவார். காரணம் சொல்லப்படாது; கேட்கவும் கூடாது.

அழைப்பிதழில் ஒரு வரி

இப்போது என் இரண்டாவது பிழையைச் சொல்ல வேண்டும். இது சிரிக்கக்கூடியதன்று.

வகுப்பின் நிறைவு விழாவில் மூன்று பெண்கள் தாங்கள் எழுதிய கதைகளைப் படிப்பது என்றும், பிறகு அவற்றைச் சிறு தொகுப்பாக அச்சிடுவது என்றும் நிறுவனம் முடிவு செய்தது. பட்டியல் கேட்டார்கள். உற்சாகத்தில் எழுதிக் கொடுத்தேன். வானூர் அச்சுக்கடையில் அழைப்பிதழின் நகல்களை வாங்கிக்கொண்டு கடைவாசலிலேயே படித்தேன். ‘பூட்டு — அஞ்சலை, உப்பளத் தொழிலாளி’ என்று தெளிவாக அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே, ‘உப்பள உரிமையாளர்களும் மேஸ்திரிகளும் கலந்துகொண்டு சிறப்பிக்க வேண்டுகிறோம்.’ நகல்களில் பாதி அதற்குமுன்பே நிறுவனத்தின் பொம்மையார்பாளையம் அலுவலகத்திலிருந்து விநியோகிக்கப்பட்டுவிட்டன.

அஞ்சலையிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

பேருந்தில் வரும்போது விளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். கதையால் ஒருவேளை டிரம்மின் பூட்டு கழலலாம். ஆனால் அஞ்சலையின் பெயர் அழைக்கப்படாமல் போவது ‘ஒருவேளை’ அன்று, அநேகமாக உறுதி. கணவர் கட்டட வேலைக்காக வெளியூரில் இருந்தார். இரண்டு பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்வது நல்லது என்று எவ்வளவோ படித்திருந்தேன். அதன் விலையைச் சொல்பவரே கொடுக்க வேண்டியிருக்கிறது, சொல்லத் தூண்டியவர் கொடுப்பதில்லை என்பதை எந்தப் பாடத்திலும் படித்ததாக நினைவில்லை.

நேரே அஞ்சலையின் வீட்டுக்குப் போனேன். வாசலில் அமர்ந்து குதிகாலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அழைப்பிதழைக் காட்டி, கதையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றேன்.

அவர் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். அச்சில் தன் பெயரை அவர் பார்ப்பது அதுதான் முதல் முறை.

“பேரு போடறப்ப என்னக் கேக்கல. எடுக்கறப்ப மட்டும் கேக்கறீங்களே டீச்சர்?”

அழைப்பிதழை மடித்து என் கையில் வைத்தார்.

“எடுக்க வேணாம்,” என்றார். “விழாவுக்கு இன்னும் பத்து நாளு இருக்குதே. எதனா வழி இருக்குதா, அதச் சொல்லுங்க.”

இலக்கணம் படித்தவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். நோக்குநிலை. ஒரு கதை யாருடைய கண் வழியாகப் பார்க்கப்படுகிறதோ, அதைப் பொறுத்துக் கதையே மாறும் என்று சொன்னேன். பெயரை மாற்றலாம், அடையாளத்தை மாற்றலாம். மேலும், “அந்த மேஸ்திரியோட கண்ணால இதே கதையச் சொல்லிப் பாருங்க,” என்றேன்.

“அவரு கண்ணு என்னென்ன பாக்குதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?”

“அதான் கஷ்டம்.”

எண்ணெய்க் கையைப் புடவை ஓரத்தில் துடைத்துக்கொண்டு, “பாக்கறேன்,” என்றார்.

முடிச்சு இருந்த இடம்

அந்த வாரத்தின் இரண்டாம் வகுப்புக்கு அஞ்சலை எல்லோருக்கும் முன்பாக வந்து காத்திருந்தார். கூடத்தின் பூட்டைத் திறக்கும்வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை.

“டீச்சர், நாம தப்பான எடத்துல அவுத்துக்கிட்டு இருந்தோம். முடிச்சு அங்க இல்ல.”

நடந்ததைச் சொன்னார். மேஸ்திரியின் கண்ணைத் தெரிந்துகொள்வதற்காக, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக உப்பளத்துக்குப் போயிருக்கிறார். கொட்டகையில் ஆளில்லை. சற்று நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமிருந்து மொபெட் ஒன்றின் இரைச்சல் கேட்டிருக்கிறது. ஏழுமலை வந்தார். வண்டியின் முன்னால் ஒரு தண்ணீர்க் கேன், பின்னால் ஒரு கேன். மரக்காணத்துக் குழாயில் பிடித்துக்கொண்டு வந்த தண்ணீர். சட்டையின் முதுகுப்புறம் முழுதும் நனைந்திருந்தது. அதை நீல டிரம்மில் ஊற்றினார்.

அஞ்சலை தன்னை அறியாமல் கேட்டுவிட்டார்: “ஏன் அண்ணே, டிராக்டர் வர்றதில்லையா?”

முதலாளி ஏற்பாட்டில் தண்ணீர்த் தொட்டியோடு டிராக்டர் வந்து டிரம்மை நிரப்பும் என்றுதான் எல்லாப் பெண்களும் நம்பியிருந்தார்கள்.

ஏழுமலை துள்ளிவிட்டாராம். “டிராக்டரு வந்து மூணு மாசம் ஆவுது. நீ ஏம்மா இந்நேரத்துக்கு வந்த?”

“மொதலாளிகிட்டச் சொல்றதுதானே அண்ணே?”

“சொன்னேன். பாக்கறேன்னாரு. திரும்பத் திரும்பப் போயி நின்னா, ஒரு டிராக்டருக்கு வழி பண்ணத் தெரியாதவன்லாம் என்ன மேஸ்திரின்னு கேப்பாரு. போ, போயி அந்தாண்ட ஒக்காரு. யாருகிட்டயும் சொல்லாத.”

அவர் சுமந்து வரும் தண்ணீர் எல்லோருக்கும் போதாது. முதலில் வருபவர்கள் குடித்துத் தீர்த்துவிட்டால் கடைசியில் இருப்பவர்களுக்கு இல்லாமல் போகும். அதனால் பூட்டு. காரணத்தைச் சொன்னால் மேஸ்திரியின் கெத்துப் போய்விடும். அதனால் மௌனம்.

“அப்ப அவரு நல்லவரா?” என்று கேட்டேன்.

அஞ்சலை யோசித்தார். “அப்டியும் சொல்ல முடியாது. போன மாசம் எங்ககூட வேல செய்யற செல்வி மயக்கம் போட்டப்ப எச்சா ஒரு டம்ளர் குடுக்கல. பூட்டு பூட்டுதான் டீச்சர். ஆனா கொம்பு வேணாம்.”

பாத்திரப் படைப்பு என்ற தலைப்பில் அதற்குப் பிறகு எத்தனையோ கட்டுரைகள் படித்துவிட்டேன். ‘ஆனா கொம்பு வேணாம்’ என்பதைவிடத் தெளிவாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

மகிழ்ச்சி அடங்கியதும் எனக்குப் பழைய கவலை இருமடங்காகத் திரும்பியது. கதையின் குற்றம் இப்போது மேஸ்திரியை விட்டு முதலாளியை நோக்கி நகர்ந்திருந்தது. மேஸ்திரி கோபித்தால் சில நாள் வேலை போகும். முதலாளி கோபித்தால் அக்கம்பக்கத்து உப்பளங்களிலும் கதவு சாத்தப்படும். விழாவில் முன்வரிசை நாற்காலி அவருக்குத்தான் என்பதையும் சொன்னேன்.

“கதையில மொதலாளி வரவே மாட்டாரு,” என்றார் அஞ்சலை.

“அப்புறம்?”

“டிராக்டர் மட்டும் வராது. வராத ஆளும் பாத்திரந்தானே டீச்சர்?”

கூடத்தில்

விழா நாள் பிற்பகல், கூடத்தில் வாடகைப் பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் உப்பள முதலாளி, தோளில் துண்டோடு. அதிகம் பேசாதவர், பல அளங்கள் பார்த்தவர். ஏழுமலை உள்ளே வந்து உட்காரவில்லை. கடைசியில், கதவை ஒட்டி நின்றார். மின்விசிறி ஒன்று சுற்றும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒலித்தது. அந்த ஒலியை எண்ணிக்கொண்டே அஞ்சலையின் முறை வரக் காத்திருந்தேன்.

கதையில் மேஸ்திரியின் பெயர் முருகேசன். ஒரு கால் சற்று நொண்டும். அது அஞ்சலை சேர்த்த மறைப்பு. ஏழுமலைக்கு இரண்டு கால்களும் நன்றாகவே இருந்தன. முருகேசன் விடியுமுன் எழுந்து, நொண்டிக்கொண்டே மொபெட்டை உதைத்து, இரண்டு கேன் தண்ணீர் பிடித்து வருகிறார். பூட்டைத் திறக்கிறார். வரிசையில் நிற்கும் பெண்கள் தன்னை மனதுக்குள் திட்டுவது அவருக்குக் கேட்கிறது. டம்ளரை நீட்டும்போது யார் முகத்தையும் அவர் பார்ப்பதில்லை. கடைசிப் பெண் குடித்த பின் டிரம்முக்குள் எட்டிப் பார்க்கிறார். அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கிறது. யாராவது மயங்கி விழுந்தால் வேண்டுமென்று தானும் குடிக்காமல் பூட்டிவிடுகிறார். அப்படி ஒருத்தி மயங்கி விழுந்து கேட்கும்போது, மற்றவர்களும் கேட்பார்களே என்று அவளுக்கும் கொடுக்காமல் போகிறார். அந்தத் தண்ணீர் வெயிலில் சூடேறிக்கொண்டே கிடக்கிறது. ‘அன்றைக்கும் டிராக்டர் வரவில்லை’ என்று கதை முடிந்தது.

எவரும் கை தட்டவில்லை. தட்டலாமா என்று பெண்கள் முன்வரிசையைப் பார்த்தார்கள். முன்வரிசை அசையவில்லை.

அப்போது கதவருகிலிருந்து ஒரு குரல் வந்தது.

“ரெண்டு கேன் இல்ல. மூணு.”

கூடம் முழுதும் திரும்பியது. ஏழுமலை சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது போலிருந்தது.

“காலு நடுவுலயும் ஒண்ணு வெப்பேன்,” என்றார், குரல் தாழ்ந்து.

“யாருண்ணே உங்களச் சொன்னது?” என்றார் ஸ்டெல்லா. “அது நொண்டி முருகேசன். நீங்க எதுக்குக் குறுக்க வர்றீங்க?”

சிரிப்பு வெடித்தது. ஏழுமலையும் வேறு வழியின்றிச் சிரித்தார். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பினார்.

“ஏம்பா ஏழுமலை, எந்த டிராக்டரு?”

“நம்ம டிராக்டருதாங்க.”

“அது இன்னுமா வரல?”

“இல்லீங்க.”

முதலாளி அஞ்சலையின் பக்கம் திரும்பினார். அவர் தாளைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“ஏம்மா, இது நீயே எழுதுனதா?”

“ஆமாங்க. டீச்சர் கமா மட்டுந்தாங்க போட்டாங்க.”

அவர் தலையை ஆட்டினார். அது பாராட்டா, குறித்துக்கொண்டதன் அடையாளமா என்று என்னால் அறிய முடியவில்லை. மூன்றாவது கதை தொடங்குமுன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவருக்குப் பின்னால் ஏழுமலையும் போனார்.

பெயர் அழைக்கும் நேரம்

அன்று நான் ஊர் திரும்பவில்லை. ஸ்டெல்லா வீட்டில் தங்கினேன். விடியற்காலையில் பெண்களோடு உப்பளக் கரைக்குப் போய் நின்றேன். நான் அங்கே நிற்பதால் எதுவும் ஆகப்போவதில்லை. ஆனால் என் பட்டியலால் வந்த விளைவை வீட்டிலிருந்து கேள்விப்படுவது முறையாகாது என்று தோன்றியது.

கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. பாத்திகளில் தண்ணீர் ஈயத் தகடு போல அசையாமல் கிடந்தது. கழுவெளி ஏரிப் பக்கமிருந்து சேற்று வாசனை வந்தது.

ஏழுமலை பெயர்களை அழைத்தார். செல்வி. ஸ்டெல்லா. பிறகு ஒவ்வொருவராக. வழக்கமாக அஞ்சலையின் பெயர் மூன்றாவதாக வரும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாவதாக வரவில்லை. ஐந்தாவதாகவும் வரவில்லை. அழைக்கப்பட்டவர்கள் பாத்தியில் இறங்காமல் வரப்பிலேயே நின்று திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் கரையில் நானும் அஞ்சலையும் மட்டும் நின்றோம்.

“கத எழுதறவ எங்க?” என்றார் ஏழுமலை.

“இங்கதான் இருக்கறேன் அண்ணே.”

“மூணு கேன்னு மாத்திட்டியா?”

“புக்கு அச்சுக்குப் போறதுக்குள்ள மாத்திடறேன் அண்ணே.”

“அந்த நொண்டியையும் எடுத்துடு. எம் பொண்டாட்டி நேத்து சாயங்காலத்துலேருந்து என்ன நடக்கச் சொல்லிப் பாத்துச் சிரிக்கிறா. போ, எறங்கு.”

அஞ்சலை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கினார். ஈயத் தகடு உடைந்து வளையம் வளையமாக விரிந்தது. எனக்கு அழுகை வந்தது. பெண்கள் பார்க்குமுன் திரும்பிக்கொண்டேன்.

நான்காம் நாள் டிராக்டர் வந்தது. பூட்டு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: அது டிரம்மிலேயே தொங்கியது. சாவியும் அதிலேயே இருந்தது. முதலாளி அந்தக் கதையைப் பற்றி அதன் பின் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அஞ்சலைக்கு அதனால் கெடுதல் எதுவும் வரவில்லை என்பதை அடுத்த பருவம் வரை விசாரித்து உறுதி செய்துகொண்டேன். வந்திருக்கக்கூடும் என்பதையும் நான் மறக்கவில்லை. அதற்குப் பின் எவருடைய பெயரையும், அவரைக் கேட்காமல், எந்தத் தாளிலும் நான் எழுதியதில்லை.

தொகுப்பு அச்சுக்குப் போகுமுன் திருத்தங்களைச் சரிபார்க்க அஞ்சலை வந்தார். ‘இரண்டு கேன்’ என்பதை அடித்து, ‘மூன்று கேன்’ என்று தன் கையால் எழுதினார். பக்கத்தைத் திருப்பினார். முருகேசன் நொண்டிக்கொண்டே மொபெட்டை உதைக்கும் வரி வந்தது. பேனாவை அதன்மேல் வைத்தார், எடுத்துவிட்டார்.

“ஏழுமலை எடுக்கச் சொன்னாரே?” என்று நினைவூட்டினேன்.

“கேன் அவருது, மாத்திக் குடுத்துட்டேன்,” என்றார் அஞ்சலை. “காலு முருகேசனுது டீச்சர். அத எடுக்க அவரு யாரு?”